சாலைக் கோடுகள் – ஓர் இலக்கணப் பார்வை

எழுத்து என்னும் சொல் எழுது என்னும் வினையடியாகப் பிறந்தது. எழுதுதல் என்றவுடன் தாளில் சொற்களைப் பொறித்தல் என்ற ஒரு பொருளையே இன்று நாம் நினைக்கிறோம். பண்டைத் தமிழில் அச்சொல்லுக்கு ஓவியம் தீட்டுதல் என்னும் பொருளும் உண்டு. சுவரில் ஓவியம் எழுதினர். மகளிர் கண்ணுக்கு மை எழுதினர். தோளில் தொய்யில் எழுதினர். வண்ணம் கொண்டு ஒரு பரப்பின்மேல் பொருள்படக் கோடிழுப்பது எதுவாயினும் அதனை எழுத்தென்றே நம் முன்னோர் கருதினர் போலும். அவ்வாறாயின், நாள்தோறும் நம் காலடியிலும் சக்கரத்தின் அடியிலும் மிகப் பெரிய எழுத்துப் பரப்பு ஒன்று கிடக்கிறது. அதனைப் படித்தறிந்தவர் எத்துணைப் பேர்?

தமிழ்த்துறை மலரில் சாலைக் கோடுகளுக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவலாம். வினவுவது முறையே. அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும்.

நம் கல்லூரி வாயிலுக்கும் எதிரேயுள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே நெடுஞ்சாலை ஒன்று செல்வதை யாவரும் அறிவர். மூன்றாண்டுகளுக்கு முன்னர் அச்சாலைக்குப் புதிய தார்ப்படலம் இட்டனர். கறுத்து மின்னிய சாலையைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தோம். வாயிலுக்கு நேரே பழைய சாலையில் இருந்த வெள்ளைப் பட்டைகள் அப்படலத்தின் அடியில் மறைந்துபோனதை ஒருவரும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை. ஆறு திங்கள் கழிந்த பின், ஒரு காலைப்பொழுதில், நம் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பேருந்தினின்று இறங்கி, வழக்கமாகக் கடக்கும் அதே இடத்தில் சாலையைக் கடந்தார். விரைந்து வந்த வேன் ஒன்று அவரை மோதித் தள்ளியது. உயிர் பிழைத்தது. வலக்கால் இன்றளவும் பழைய நிலைக்கு மீளவில்லை.

ஓட்டுநர் தப்பியோடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாணவரைத் தம் வண்டியிலேயே மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வாசற்படியில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். நாம் சென்று கேட்டபோது, "அங்க கடக்குற இடம் இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வெளியூர்க்காரர். அவர் கூறியது பொய்யன்று. மாணவர் தம் மனத்தில் இருந்த கோட்டின்மேல் நடந்தார். ஓட்டுநரின் கண்முன் அக்கோடு இல்லை.

அதன் பின்னரே நாம் இக்கோடுகளைக் கற்கத் தொடங்கினோம். ஓட்டுநர் உரிமம் பெற்று இருபதாண்டுகள் ஆகியும், விடுபட்ட கோட்டுக்கும் விடாத கோட்டுக்கும் வேறுபாடு யாதென நம்மை எவரும் கேட்டதில்லை. நாமும் எவரையும் கேட்டதில்லை. கற்றவற்றைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கோடு

சாலையின் நடுவே கோடிழுக்கும் வழக்கம் மோட்டார் வண்டியோடு வந்தது. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் கவுண்டி சாலை வாரியத்தைச் சேர்ந்த எட்வர்டு ஹைன்ஸ் என்பார் 1911-இல் டிரென்டன் நகரில் ஆற்றோரச் சாலையின் நடுவே வெள்ளைக் கோடு இடச் செய்தார். ஒழுகிய பால் வண்டி ஒன்று சாலையில் விட்டுச்சென்ற வெண்தாரையைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். கதையோ உண்மையோ, நயமாக இருக்கிறது.

அதினும் நம் நெஞ்சைத் தொடுவது கலிபோர்னியா மாநிலத்து மருத்துவர் ஜூன் மெக்கரோல் அம்மையாரின் வரலாறு. 1917-இல் இன்டியோ என்னும் ஊரருகே அவர் வண்டியோட்டிச் செல்கையில், எதிரே வந்த பாரவண்டி ஒன்று அவர் பக்கத்துக்கே வந்து அவரை மணலில் இறங்கச் செய்தது. சாலையின் நடு எதுவென இருவருக்கும் தெரியாதிருந்ததே காரணம் என அவர் கண்டார். அதிகாரிகளிடம் முறையிட்டார், பயனில்லை. பின்னர்த் தம் கையாலேயே வண்ணமெடுத்து, தம் வீட்டருகே சென்ற சாலையில் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு வெள்ளைக் கோடு இழுத்தார். விடாது எழுதிய மடல்களாலும் மகளிர் சங்கங்களின் துணையாலும் 1924-இல் அம்மாநில அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது. 2002-இல் இன்டியோ அருகே செல்லும் பெருஞ்சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டினர். முதலில் கோடிட்டவர் ஹைன்சா, மெக்கரோல் அம்மையாரா என்று அந்நாட்டார் வழக்காடுவதுண்டு. அவ்வழக்கு நமக்கு வேண்டுவதன்று. அதிகாரி ஒருவரும் மருத்துவர் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விடையைக் கண்டனர் என்பதே நாம் கருதத்தக்கது.

நம் நாட்டில் 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேரவை இதற்கென ஒரு நெறித்தொகுப்பை 1970-இல் வெளியிட்டது. முப்பத்தைந்தாம் எண் கொண்ட அத்தொகுப்பு 1997-இலும் 2015-இலும் திருத்தப்பெற்றது. கோட்டின் அகலம், நீளம், இடைவெளி, நிறம், அம்பின் வடிவு அனைத்தும் அதில் அளவிட்டுக் கூறப்பட்டுள்ளன. சாலை எழுத்துக்கு அது நூற்பா போன்றது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு, சாலை விதிகள் அதன்வழி 1989-இல் வந்தன. அவ்விதிகளின் இடத்தில் 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்துள்ளன.

விட்ட கோடும் விடாத கோடும்

கோடு என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. கோடுதல் என்றால் வளைதல். வளைந்திருத்தலால் விலங்கின் கொம்பும், யானையின் தந்தமும், மரத்தின் கிளையும், குளத்தின் கரையும் கோடு எனப்பட்டன. நேரான வரைக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது மொழியின் விந்தைகளுள் ஒன்று. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் கோடாமை என்னும் சொல் ஒரு பக்கம் சாயாமையைக் குறித்து வரும். சாலையின் நடுக்கோட்டை நோக்கும்போதெல்லாம் நமக்கு அவ்வதிகாரத் தலைப்பு நினைவுக்கு வருகிறது. இது தமிழாசிரியர்க்குரிய நோய் என்று நண்பர்கள் நகைப்பர்.

நடுக்கோடு இருவகைப்படும்: இடைவெளி விட்டு வரைந்தது ஒன்று, இடைவிடாது வரைந்தது மற்றொன்று. எதிரெதிர்த் திசையில் வண்டிகள் செல்லும் சாலையில் விட்டகோடு இருப்பின், எதிரே வண்டி வாராமையை உறுதி செய்துகொண்டு முந்திச் செல்வதற்காக அதனைக் கடக்கலாம். அஃது இசைவே அன்றிக் கட்டளை அன்று. கடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. விடாத கோடு இருப்பின் அதனைக் கடந்து முந்துதல் கூடாது. ஒரே திசையில் செல்லும் தடங்களைப் பிரிக்கும் விட்டகோட்டைக் குறிப்புக் காட்டித் தாண்டித் தடம் மாறலாம். அதுவே சந்திப்பை அணுகுகையில் விடாத கோடாக மாறுமாயின், தடம் மாறும் காலம் முடிந்தது என்பது பொருள்.

இவ்வளவும் அறிந்தோர் பலர். அறியாதது அடுத்துக் கூறுவது. விட்டகோடுகள் அனைத்தும் ஒரே அளவின அல்ல. நேரான, தடையற்ற சாலையில் கோடு குறுகியும் இடைவெளி நீண்டும் இருக்கும். வளைவோ சந்திப்போ நெருங்குகையில் இடைவெளி சுருங்கும். கோடு இடைவெளியினும் நீண்டுவிடும். அதன் பின்னரே விடாத கோடு தொடங்கும். எழுத்தின் ஒலியளவை மாத்திரையால் அளந்து குறில், நெடில் என வகுத்தோர் நாம். சாலை எழுத்திலும் குறிலும் நெடிலும் உண்டு. நெடில் மிகுந்துவரின் இடர் அணுகுகிறது என்று கொள்ளல் வேண்டும். கோடு நீள்வதை ஓட்டுநர் எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை. சீராக வண்டி செல்கையில், ஓரக்கண்ணில் விட்டுவிட்டு மின்னிய வெண்மை வரவரத் தொடர்ச்சியாகத் தோன்றும். அவ்வுணர்வே எச்சரிக்கை.

வளைவில் ஏன் இத்துணைக் கண்டிப்பு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒன்றை 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் முந்துகிறது எனக் கொள்வோம். லாரிக்குப் பின்னிருந்து விலகி, அதனைக் கடந்து, மீண்டும் தன் பக்கத்துக்கு வந்து சேர லாரியைவிட 40 மீட்டராவது கூடுதலாகச் செல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேக வேறுபாடு நொடிக்கு ஐந்தரை மீட்டர் அளவே. ஆகவே ஏழு நொடிக்கு மேல் ஆகிறது. அந்நேரத்தில் கார் ஏறத்தாழ 120 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் மற்றொரு வண்டி வருமாயின் அதுவும் 120 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போது 240 மீட்டர் தொலைவுக்கு எதிர்ச்சாலை வெறுமையாக இருத்தல் வேண்டும். மலைப்பாதை வளைவில் 50 மீட்டருக்கு அப்பால் யாது வருகிறது என்று எவர்க்குத் தெரியும்? அவ்விடத்தில் விடாத கோடு, "உன் கண் காணாததை நான் அளந்து பார்த்திருக்கிறேன்" என்று சொல்கிறது. நாம் இளமையில் மலையேறும் சாலை ஒன்றில் அக்கோட்டைப் பொருட்படுத்தாது பேருந்து ஒன்றை முந்தியதுண்டு. எதிரே வந்த பால் வண்டிக்காரர் தம் வண்டியைப் பள்ளத்தின் விளிம்புவரை ஒதுக்கியதால் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் வைதது இன்றும் காதில் ஒலிக்கிறது. ஒரு சொல்கூட மிகையன்று.

சில இடங்களில் இரு கோடுகள் இணைந்து செல்லும். இதனைப் புணர்ச்சி இலக்கணம் எனலாம். தனித்து நின்றபோது உள்ள பொருள் சேர்ந்து வரும்போது திரிகிறது. இரண்டும் விடாத கோடுகளாயின் இருபுறத்தார்க்கும் தடை. ஒன்று விட்டதும் மற்றொன்று விடாததுமாயின், தம் பக்கத்தில் அமைந்த கோட்டையே ஒவ்வோர் ஓட்டுநரும் படித்தல் வேண்டும். தம் பக்கம் விட்டகோடு எனில் கடக்கலாம். விடாத கோடு எனில் கடத்தல் கூடாது. மேட்டில் ஏறுவோர்க்கு அப்பால் தெரியாது. ஏறி இறங்குவோர்க்குக் கீழே நெடுந்தொலைவு தெரியும். ஒரே இடம், இரு பார்வை. ஆதலால் ஒரே இடத்தில் இரு சட்டம்.

நிறம்

நிறத்தைப் பற்றி மக்களிடையே குழப்பம் மிகுதி. வெள்ளை எளியது, மஞ்சள் கடியது என்று சிலர் கூறுவர். மஞ்சள் நகரத்துக்குரியது என்பாரும் உளர். நம் நாட்டில் மஞ்சள் பெரும்பாலும் தடையை வலியுறுத்தப் பயன்படுகிறது. 1989-ஆம் ஆண்டு விதிகளில் மஞ்சட்கோடு தனித்துச் சுட்டப்பெற்றது: சாலையைப் பிரிக்கும் மஞ்சட்கோடு இருப்பின், ஒரே திசையில் செல்வோர் ஒருவரையொருவர் முந்துகையில் அதனைக் கடத்தல் கூடாது என்பது அதன் கருத்து. கூர்ந்து நோக்கின், முந்துவதை அவ்விதி விலக்கவில்லை என்பது புலனாகும். தம் பாதியில் இடமிருப்பின் முந்தலாம். கோட்டைக் கடந்து மறுபாதியில் நுழைதலே விலக்கப்பட்டது. சாலையோரக் கற்கட்டின் அருகே மஞ்சட்கோடு செல்லுமாயின் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தி வைத்தல் கூடாது. நம் ஊர்க் கடைத்தெருவில் அக்கோட்டை இதுகாறும் எவரும் கண்டிருக்க முடியாது. அதன்மேல் எப்போதும் ஒரு வண்டி நிற்கும்.

பிற நாடுகளை நோக்கின் நிறம் மாறுகிறது. அமெரிக்காவில் எதிரெதிர்ப் போக்குகளைப் பிரிக்கும் கோடு மஞ்சளாக இருத்தல் வேண்டும் என 1971-இல் விதித்தனர். நார்வே நாட்டிலும் நடுக்கோடு மஞ்சள். பிரிட்டனில் அது வெள்ளை. சுவீடன் நாட்டார் 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் இடப்பக்கம் செல்வதை விட்டு நாடு முழுதும் ஒரே நாளில் வலப்பக்கம் செல்லத் தொடங்கினர். அதனையொட்டிப் பழைய மஞ்சட்கோடுகளை நீக்கி வெள்ளைக் கோடுகளை ஏற்றனர். பெயரை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் பகுத்த நன்னூலாரின் நெறி இவ்விடத்தில் பெரிதும் துணைசெய்கிறது. கோட்டின் நிறம் இடுகுறி; ஒரு நாட்டார் கூடி இட்ட வழக்கு, மற்றொரு நாட்டில் மாறும். கோட்டின் தொடர்ச்சியோ காரணக்குறி. வேலியில் இடைவெளி இருந்தால் நுழையலாம், இல்லையேல் நுழைதல் கூடாது என்பதை எந்நாட்டவர்க்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆதலின் நிறத்தில் ஐயம் எழின், தொடர்ச்சியை நோக்குக என்று மாணவர்க்கு நாம் கூறிவருகிறோம்.

குறுக்குக் கோடுகள்

நெடுக்குக் கோடுகள் எங்ஙனம் செல்க எனக் கூறும். குறுக்குக் கோடுகள் எங்கே நிற்க எனக் கூறும். சைகை விளக்குக்கு முன்னர்ச் சாலையின் குறுக்கே அமைந்த தடித்த வெண்கோடு நிறுத்தக்கோடு. சிவப்பு விளக்கு எரிகையில் வண்டியின் எப்பகுதியும் அதற்கு அப்பால் நீண்டிருத்தல் ஆகாது. முன்சக்கரம் மட்டும் தாண்டினால் குற்றமில்லை என்று எண்ணுவோர் "எப்பகுதியும்" என்பதை ஊன்றிப் படித்தல் வேண்டும். அக்கோடு 50 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் உடையதாகவும், வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்பவற்றுள் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதி கூறிற்று. கறுத்த தார்ச்சாலையில் கறுப்புக் கோடு எங்ஙனம் தெரியும் என வியந்தோம். வெளிறிய சிமெண்டுச் சாலையை நினைத்துப் பார்த்தபின் தெளிந்தோம்.

பெருநகரச் சந்திப்புகளில் மஞ்சள் நிறக் குறுக்குமறுக்குக் கோடுகளால் நிரப்பிய கட்டம் ஒன்றைக் காணலாம். பிரிட்டனில் 1967-இல் நடைமுறைக்கு வந்தது அது. பச்சை விளக்கு எரிந்தாலும், அப்பால் வெளியேற இடமில்லையேல் அக்கட்டத்துள் நுழைதல் கூடாது. நாம் நின்று பிறர் வழியை அடைத்தலாகாது என்பதே கருத்து. வரிவரியாக மேடிட்டு நெருக்கமாக அமைத்த பட்டைகளும் உண்டு. அவை கண்ணுக்கு மட்டும் எழுதியவை அல்ல. சக்கரம் ஏறியதும் தடதடவென்று ஒலித்து, உறங்கும் ஓட்டுநரையும் எழுப்பும். சாலையின்மேல் எழுதும் சொற்கள், அம்புகள் ஆகியவற்றை மேலிருந்து நோக்கின் இயல்புக்கு மீறி நீண்டு தோன்றும். எழுதியவர் பிழையன்று அது. தாழ்ந்த கோணத்தில், தொலைவிலிருந்து நோக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அந்நீளம் சுருங்கி இயல்பான எழுத்தாகத் தெரியும்.

குறுக்குக் கோடுகளுள் தலையாயது நடப்போர் கடக்கும் வரிகள். வரி என்னும் சொல்லும் கோட்டைப் போன்றே பொருள்வளம் மிக்கது. புலியின் உடலில் இருப்பதும் வரி. ஏட்டில் எழுதுவதும் வரி. பிரிட்டனில் 1934-இல் போக்குவரத்து அமைச்சராயிருந்த ஹோர்-பெலிசா காலத்தில், கடக்கும் இடங்களைக் காட்டச் செம்மஞ்சள் உருண்டை விளக்குத் தூண்கள் நடப்பெற்றன. தூண் மட்டும் போதவில்லை. சாலையின் மேலேயே வரிகள் இட்டுப் பார்த்து, 1951-இல் அவற்றைச் சட்டமாக்கினர். வரிக்குதிரை என்னும் பெயர் அதனால் நிலைத்தது. இலண்டன் அபே சாலையின் வரிகள், 1969-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் அதனைக் கடந்த படம் ஓர் இசைத்தட்டின் உறையில் வந்தமையால், 2010-இல் காக்கத்தக்க மரபுச் சின்னமாகவே அறிவிக்கப்பட்டன. நம் நாட்டு நெறிப்படி பட்டை ஒவ்வொன்றும் பொதுவாக அரை மீட்டர் அகலம். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே அதே அளவு வெறுமை.

இவ்வரிகளின் பொருள் யாது? சாலை வண்டிகளுக்குரியது, நடப்போர் இரந்து கடக்கலாம் என்பதன்று. சைகை விளக்கோ காவலரோ இல்லாத கடவையில் வேகம் குறைத்து, வேண்டின் நின்று, நடப்போர்க்கு வழிவிடுதல் ஓட்டுநரின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அவ்வரிகளின்மேல் அவர் விருந்தினர், நாம் வீட்டுக்குரியோர். நடைமுறையோ நேர் எதிர். நடுவண் அரசின் அறிக்கைப்படி 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். அவ்வாண்டு மிகுந்த எண்ணிக்கையில் விபத்துகள் நேர்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105. எண்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இவையும் எண்களே. ஒருவரின் முகம் தெரிந்தபின் அவ்வாறு படிக்க இயலவில்லை.

இரவில் ஒளிரும் மை

இவ்வெழுத்தை எழுதும் மையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். முன்னர் வண்ணப்பூச்சே பயன்பட்டது. இன்று நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் வெப்பத்தால் இளகும் பிசின் கலவையைப் பயன்படுத்துகின்றனர். பிசின், வெண்ணிறமி, நுண்கற்பொடி, கண்ணாடி மணிகள் ஆகியவற்றை ஏறத்தாழ 200 பாகை வெப்பம் வரை உருக்கி, சிறு வண்டியால் சாலையின்மேல் இழுத்து இடுவர். இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் படியும். ஆறுவதற்கு முன்னர் மேலேயும் கண்ணாடி மணிகளைத் தூவுவர். மணலைப் போன்று தோன்றும் அம்மணிகளே இரவின் விளக்கு. வண்டியின் முகப்பொளி மணிக்குள் புகுந்து, வளைந்து, அடியிலுள்ள வெண்மையில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணை நோக்கித் திரும்புகிறது. மழை பெய்து மணிகளின்மேல் நீர்ப்படலம் நின்றால் ஒளி வழுக்கிச் சிதறிவிடும், கோடு மறையும். மழையிரவில் கோடு தெரியவில்லை என்று ஓட்டுநர் கூறின் அவர் கண்ணில் பழுதில்லை. இக்குறையைத் தீர்க்கவே சாலையில் சிறு ஒளிர்முனைகளைப் பதிக்கின்றனர். இங்கிலாந்தின் யார்க்சையர் பகுதியைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-இல் காப்புரிமை பெற்ற பூனைக்கண்ணே அவற்றுக்கு முன்னோடி.

எத்துணை நல்ல மையாயினும் தேயும். தேய்வதிலும் ஓர் ஒழுங்குண்டு. சக்கரங்கள் மிகுதியும் உருளும் தடங்களில் முதலில் அழியும். ஓரத்தில் நெடுநாள் நிற்கும். மேலே புதுத் தார் இடும்போதோ ஒரே நாளில் ஒழுங்காகவும் ஓரமாகவும் இருந்த அனைத்தும் அழிந்துபோம். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் பழைய ஏட்டை வைத்துக்கொண்டே புதிய ஏட்டில் எழுதினர். சாலையில் பழைய ஏடு புதைந்தபின், என்ன எழுதியிருந்தது என்று கேட்பாரும் இல்லை.

வாயில் முன்னர்

மாணவர் மருத்துவமனையில் இருந்தபோது கல்லூரி முதல்வரும், ஊர்ப் பெரியோர் சிலரும், நாமும் உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினோம். மறுமொழி வந்தது, கோடு வரவில்லை. மீண்டும் எழுதினோம். பதினொரு திங்கள் சென்று ஓரிரவில் வந்து வரிகளை இட்டனர். மறுநாட்காலை, வகுப்புக்கு முன்னர், நிறுத்தத்தின் நிழலில் நின்று பார்த்தோம். புதிய வரிகள் வெயிலில் கண் கூசின. பேருந்து, கார், லாரி, இருசக்கர வண்டி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றும் நிற்கவில்லை. நின்றிருந்த மாணவர்களும் வரிகளைவிட்டு இருபது அடி தள்ளி, நடுத்தடுப்பின் இடைவெளி வழியே ஓடிக்கொண்டிருந்தனர். எழுதியவரும் எழுதிச் சென்றார்; படிக்க வேண்டிய இருசாராரும் படிக்கவில்லை. நாம் ஓட்டுநரை மட்டும் குறைகூறிப் பழகியவர்கள். அன்று நம் வகுப்பறையையும் சேர்த்து நாணினோம்.

அதன்பின் முதலாண்டு மாணவர்க்கு எழுத்திலக்கணம் தொடங்கும் முதல் வகுப்பை வாயிலில் வைத்துக்கொள்கிறோம். அரை மணி நேரம் போதும். நடுக்கோட்டைக் காட்டுகிறோம், வரிகளின்மேல் நடத்திச் செல்கிறோம். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, கையை உயர்த்தி, அவர் வேகம் குறைத்தமை அறிந்தபின் காலை எடுத்து வைக்கச் சொல்கிறோம். விதி நமக்குச் சார்பாயிருப்பினும் உடல் நம்முடையதன்றோ. நகரப்பேருந்து ஓட்டுநர் இருவர் இப்போது தவறாது நிற்கின்றனர். அவர்க்குப் பின்னே வருவோர் ஒலிப்பானை அழுத்துவது இன்னும் ஓயவில்லை.

விபத்துக்குள்ளான மாணவர் ஓராண்டு இழந்து மீண்டும் வந்து சேர்ந்து, இப்பொழுது இறுதியாண்டு பயில்கிறார். அவரே அவ்வகுப்பில் நம்மோடு நின்று இளையோர்க்கு விளக்குகிறார். சென்ற வாரம் நம் அறைக்கு வந்து, "ஐயா, ஏழு பட்டைல நாலு பட்டை நடுவுல தேஞ்சு போச்சு. இராத்திரில சுத்தமாத் தெரியல. ரெண்டு நாளாப் பார்த்துட்டு வர்றேன்" என்றார். கையில் மனு எழுதிய தாள் இருந்தது. பிழையில்லாத, தெளிந்த கையெழுத்து. கீழே கையொப்பங்களுக்காக இரு பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார்.

அம்மனு துறை அலுவலகத்தில் மேசைமேல் இருக்கிறது. இம்மலர் வெளியீட்டு விழாவுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதனைக் கொண்டு செல்கிறோம். உடன்வர இயலும் பெரியோர் கல்லூரி வாயிலுக்கு வந்தால் போதும்; சாலையைக் கடந்தே பேருந்து ஏற வேண்டும்.